சோற்றை நிறுத்தினால் எடை குறையுமா?

கேள்வி: பேலியோ, கீட்டோ மாதிரி மாவுச்சத்து குறைந்த உணவுமுறையில் உண்மையிலேயே எடை குறையுமா? அதன் நன்மை தீமை என்ன?

குறையும், அதில் சந்தேகம் வேண்டாம். எங்கள் வீட்டில் நானும் இருந்திருக்கிறேன், சித்தப்பாவும் இருந்திருக்கிறார். ஆனால் எதனால் குறைகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் பாதியிலேயே வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ, சிலருக்கு மூன்று கிலோ மளமளவென்று இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். சாப்பிட்ட மாவுச்சத்தில் கொஞ்சத்தை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது, கிட்டத்தட்ட அரை கிலோ வரைக்கும் இருக்கும், அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சோறு நின்றதும் அந்த இருப்பு கரைந்து, தண்ணீரும் உப்பும் சிறுநீரில் போய்விடுகின்றன. ஆரம்பத்தில் வருகிற தலைவலி, அசதி, எழுந்து நின்றால் கண்ணைக் கட்டுவது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். உப்பு போட்ட மோர் குடித்தால் பலருக்குச் சரியாகிவிடும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதே கணக்குப்படி ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுநாள் ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கும். எல்லாம் போச்சு என்று நிறையப் பேர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்தது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை.

அதற்குப் பிறகு குறைவது பசி அடங்குவதால். மதியம் இரண்டு முட்டை, ஒரு துண்டு மீன், தட்டு நிறையக் கோஸ் பொரியல் என்று சாப்பிட்டுப் பாருங்கள், சாயங்காலம் பஜ்ஜி கடைப் பக்கம் கால் போகாது. நம்மை அறியாமலே மொத்தக் கலோரி குறைந்துவிடுகிறது. மாவுச்சத்து இல்லாவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், நூறு பாதாம் என்பதே சுமார் 700 கலோரி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறு பாதிக்கு மாவுச்சத்தையும் குறைக்கச் சொல்லி ஓராண்டு பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் சர்க்கரை, மைதா வேண்டாம், காய்கறி நிறையச் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அப்படியென்றால் ஏன் நம்மூரில் இத்தனை பேருக்கு இது வேலை செய்கிறது? நம் தட்டைப் பாருங்கள். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, புரதம் மூன்று கிராம்கூட இல்லை. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) INDIAB ஆய்வு சொல்கிறது. இவ்வளவு உயரத்தில் இருப்பவர்கள் பாதிக்கு இறக்கினாலே போதும், நாளுக்கு 20 கிராம் மாவுச்சத்து என்று கீட்டோவுக்குப் போகவேண்டிய அவசியம் முக்கால்வாசிப் பேருக்கு இல்லை என்பதுதான் என் கருத்து. சோறு ஒரு கரண்டி, பொரியல் இரண்டு மடங்கு, கூட முட்டையோ மீனோ சுண்டலோ. இப்படி வருடக்கணக்கில் இருக்கலாம். கீட்டோவில் நான் பார்த்த யாராலும் வருடக்கணக்கில் இருக்க முடியவில்லை.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது நிஜமாகவே கஷ்டம். அவர்களுக்குப் புரதம் கிடைப்பதே பருப்பிலும் பயறிலும்தான், 100 கிராம் துவரம் பருப்பில் புரதம் 22 கிராம் என்றால் மாவுச்சத்து 55 கிராமாவது இருக்கும். கடைசியில் பனீர், பாதாம், வெண்ணெய் என்று முடியும், மாதச் செலவு எகிறும். மலச்சிக்கல் வரும், கீரையும் அவரையும் வெண்டையும் தினமும் இருந்தால் பரவாயில்லை. அப்புறம், வீட்டில் ஒருவருக்காகத் தனியாக இன்னொரு சமையல் செய்வது யார்? அம்மாவோ மனைவியோ இரண்டு மடங்கு வேலை செய்துதான் பல பேர் இளைக்கிறார்கள், இதையும் தீமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மாத்திரை விஷயம். சித்தப்பா சர்க்கரை நோய்க்குக் கிளிமெபிரைடு என்ற மாத்திரை சாப்பிடுபவர், அது ரத்தத்தில் சர்க்கரையை இறக்குவது. யாரிடமும் கேட்காமல் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டிருக்கிறார். ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை முழுக்க வியர்வை, காபி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுக்கம், பேச்சு குழறுகிறது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று சித்திக்குச் சட்டென்று புரிந்து சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்ததால் தப்பித்தார். மறுநாளே டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்துவிட்டார். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் கீட்டோ பக்கமே தாங்களாகப் போகாதீர்கள். சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்தான நிலை, வரலாம், வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.

மாத்திரை எதுவும் இல்லாதவர்கள்கூட ஆரம்பிக்கும் முன் கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான சோதனை), மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) மூன்றையும் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு பெரும்பாலும் நன்றாக இறங்கியிருக்கும். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் சிலருக்கு ஏறும், சிலருக்கு மிக அதிகமாக ஏறும். உடம்பு இளைத்துவிட்டதே, அது ஒன்றும் செய்யாது என்று பேலியோ, கீட்டோ குழுக்களில் சமாதானம் சொல்வார்கள், கேட்காதீர்கள். வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்து நிலக்கடலை, மீன் பக்கம் போய்ப் பாருங்கள், அப்படியும் இறங்கவில்லை என்றால் சோற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் பேசுங்கள்.