ஆயில்-ஃப்ரீ ரெசிப்ரோகேட்டிங் கம்ப்ரஸர்ல ஆயில் இல்லாம பிஸ்டன் எப்படி ஓடுது, சீக்கிரம் தேஞ்சு போயிடாதா?

தேயும், தேயுறதுக்குன்னே ஒரு பார்ட்டை வச்சுத்தான் டிசைன் பண்ணியிருக்காங்க. ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நிறைய பேர் மெஷின்லயே ஆயில் கிடையாதுன்னு நினைச்சுக்கறாங்க, அப்படி இல்லைங்க. கிராங்க்கேஸ்ல, அதாவது கிராங்க் ஷாஃப்ட் சுத்தற பெட்டியில, ஆயில் தாராளமா இருக்கும், பம்ப் வச்சு பேரிங், கிராஸ்ஹெட் (கிராங்க் சுத்தறதை நேர் ஓட்டமா மாத்தி பிஸ்டன் ராடை தள்ளற பார்ட்)னு எல்லாத்துக்கும் போகும். கேஸ் இருக்கற சிலிண்டருக்குள்ள அது போகக் கூடாது, அவ்வளவுதான். ஆக்சிஜன் மெஷின்னா இதுல விளையாடவே கூடாது, ஹை பிரஷர் ஆக்சிஜன்ல கொஞ்சம் ஆயில் பட்டாலே தீப்பிடிச்சுடும்.

தடுக்கற வேலை எல்லாம் டிஸ்டன்ஸ் பீஸ்லதான் நடக்குது. கிராஸ்ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கற அறை அது. பிஸ்டன் ராடுல ஒட்டிட்டு வர்ற ஆயிலை ஸ்க்ரேப்பர் ரிங் வழிச்சு கிராங்க்கேஸுக்கே திருப்பி விட்டுடும், அதையும் மீறி வர்றதை ராடு மேல இருக்கற ஸ்லிங்கர்ங்கற வளையம் தடுத்துடும், சிலிண்டர் பக்கம் கேஸ் வெளிய வராம இருக்க ராடைச் சுத்தி ராடு பேக்கிங்னு ஒரு சீல் இருக்கும். அந்த அறை ஸ்ட்ரோக்கை விட நீளமா இருக்கும், ஏன்னா ஆயில் பட்ட ராடு பகுதி பேக்கிங்கை தொடவே கூடாது.

இப்ப தேய்மானம். கேஸை அடைக்கற பிஸ்டன் ரிங், பிஸ்டனைத் தாங்கற ரைடர் ரிங் ரெண்டும் பெரும்பாலும் கார்பன் மாதிரி ஏதாவது கலந்த டெஃப்லான். ஓட ஆரம்பிச்சதும் ரிங் கொஞ்சம் தேஞ்சு லைனர் (சிலிண்டரோட உள் சுவர்) மேல மெல்லிசா ஒரு படலம் பூசிடும், அப்புறம் டெஃப்லான் மேல டெஃப்லான் ஓடறதால ஆயில் தேவைப்படாது. இதுல ஒரு வேடிக்கை, கேஸ் ரொம்ப காஞ்சு போயிருந்தா அந்தப் படலம் சரியா பிடிக்காது, சாதாரண ரிங் மளமளன்னு தேஞ்சுடும், அதுக்கு தனி கிரேடு போடணும்.

சூடு ரிங்குக்கு பெரிய எதிரி. 30 டிகிரி காத்தை ஒரே ஸ்டேஜ்ல 8 மடங்கு பிரஷருக்கு அமுக்கினா கணக்குப்படி 270 டிகிரியைத் தாண்டிடும். ரெண்டு ஸ்டேஜா பிரிச்சு நடுவுல இன்டர்கூலர் வச்சு திரும்ப 30க்கு கொண்டு வந்தா ஒவ்வொரு ஸ்டேஜும் 135 கிட்டயே நின்னுடும்.

வால்வு தானா திறந்து மூடும், கேம் எல்லாம் கிடையாது, பிரஷர் வித்தியாசம் மட்டும்தான். ஒரு சக்ஷன் வால்வு லீக் ஆனா சூடான கேஸ் திரும்ப பின்னாடி வரும், பக்கத்து வால்வு கவரை விட இந்த கவர் மட்டும் நல்லா சுடும், டெம்பரேச்சர் கன் காட்டினாலே தெரிஞ்சுடும் (கையை வச்சுப் பார்க்காதீங்க).

மெயின்டெனன்ஸ்ல நான் விடாம பாக்கறது ரெண்டு. சிலிண்டர் படுக்கை வசமா இருக்கற மெஷின்னா ராடு டிராப் ரீடிங், அதாவது ராடு எவ்வளவு கீழ இறங்கியிருக்குங்கற அளவு, ரைடர் ரிங் தேயத் தேய பிஸ்டன் கீழ இறங்கும், அப்படியே விட்டா பிஸ்டனோட மெட்டலே லைனரை உரசிடும். இன்னொண்ணு டிஸ்டன்ஸ் பீஸ் டிரெயின், அதுல திடீர்னு ஆயில் அதிகமா வந்தா ஸ்க்ரேப்பர் போயிடுச்சுன்னு வச்சுக்கலாம், எப்பவும் சொட்டிட்டு இருந்தது சுத்தமா நின்னு போச்சுன்னா லைன் அடைச்சிருக்கான்னு உடனே பாருங்க.