வீட்டுத் தோட்டத்தில் குங்குமப்பூ வளர்த்து அறுவடை செய்ய முடியுமா? வீட்டுத் தேவைக்கு எத்தனை செடி வைத்தால் போதும்?

முடியும். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதி இருக்கிறதே, ‘எத்தனை செடி வைத்தால் போதும்’ என்பது, அதைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் அதே கணக்கைக் காகிதத்தில் போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன். ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழை. நாம் குங்குமப்பூ என்று சொல்வது அதைத்தான். ஊதா இதழும் மஞ்சள் மகரந்தமும் கணக்கில் வராது. ஏறக்குறைய 150 பூ சேர்ந்தால் காய்ந்த இழை ஒரு கிராம் தேறும். பருமனான கிழங்கு ஒரு பூவோ இரண்டு பூவோ, மனது வைத்தால் மூன்றோ கொடுக்கும். ஆக, ஒரு கிராமுக்கு 75லிருந்து 150 கிழங்கு வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஒரு சதுர மீட்டரில் 100 கிழங்கு அடங்கும். இடம் ஒரு பிரச்சினையே இல்லை. மற்றதெல்லாம்தான் பிரச்சினை.

நீங்கள் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு அறை, நாலு அடுக்கு, தட்டு நிறையக் கிழங்கு, மண்ணும் இல்லை தண்ணீரும் இல்லை, மேலே ஊதா நிறத்தில் பூ. அது பொய்யில்லை. பூக்கத் தேவையான சத்து முழுவதையும் கிழங்கு ஏற்கெனவே வயிற்றில் வைத்திருக்கிறது. குளிர்ச்சி பட்டால் மேசை மேல் கிடந்தபடியே பூத்துவிடும். ஆனால் பூத்து முடிந்ததும் அந்தக் கிழங்கு சாகத் தொடங்குகிறது. அதன் தலையில் குட்டிக் கிழங்குகள் உருவாகி, அவைதான் அடுத்த ஆண்டு பூக்க வேண்டும். அந்தக் குட்டிகள் பெருக்க மண் வேண்டும், வெயில் வேண்டும், நாலைந்து மாதம் பச்சை இலை வேண்டும். காணொளி அங்கே வருவதற்குள் முடிந்துவிடும். நீங்கள் வாங்குவது வேறொருவர் ஒரு குளிர்காலம் முழுவதும் வளர்த்துக் கொடுத்த பூவை. உங்கள் பூ அடுத்த ஆண்டுதான்.

(கிழங்கு என்று எழுதுவதற்காகத் தாவரவியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இது தண்டின் அடிப்பகுதி பருத்து உண்டாவது, கந்தம் என்பதுதான் சரியான சொல். தெரியும். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.)

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் ஆண்டு 22 கிழங்கு வாங்கினேன். விற்றவர் ‘பூக்கும் அளவு’ என்று எழுதியே கொடுத்திருந்தார். வடிகால் நன்றாக இருக்க மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து, ஐந்து தொட்டிகளில் தொட்டிக்கு நாலாக, 12 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தேன். கோடை முடிகிற நேரம். நான் இருக்கும் இடத்தில் இலையுதிர்காலத்து இரவுகள் நன்றாகவே குளிரும், அதனால் தட்பவெப்பத்தைக் குறை சொல்ல வழியில்லை. அக்டோபரில் மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளை உறை போர்த்திய முனைகள் வந்தன. தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்ப்பேன். உறை கிழிந்தது. உள்ளேயிருந்து புல் வந்தது.

புல் என்றால் அசல் புல் இல்லை, குங்குமப்பூச் செடியின் இலையே அப்படித்தான். ஊசிபோல் ஒல்லியாக, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். 20 கிழங்கிலும் இலை வந்தது. ஒன்றில்கூடப் பூ இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் “என்ன அங்கிள், புல்லு வளர்க்குறீங்களா?” என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை.

பிறகுதான் காரணம் புரிந்தது. ஒரு கிழங்கு ஏறக்குறைய எட்டு கிராமாவது இருந்தால்தான் பூக்கும், பத்துக்கு மேல் இருந்தால் நம்பிக்கையோடு இருக்கலாம். நான் வாங்கியவற்றில் நடாமல் ஒதுக்கி வைத்த இரண்டு உதிரிகளை எடை போட்டால் ஒன்று நாலு கிராம், இன்னொன்று ஐந்துகூட இல்லை. விற்றவருக்கு எழுதினேன். ‘பொறுமையாக இருங்கள், பூக்கும்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் குங்குமப்பூவில் கலப்படம் செய்தவர்களை அந்தச் சரக்கோடு சேர்த்தே எரித்திருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தாலே போதும்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘குங்குமப்பூ விதை’ என்று யாராவது பொட்டலம் விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இந்தச் செடிக்கு விதையே கிடையாது. குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இல்லாமல் மூன்று தொகுதியாக, எட்டெட்டாக மொத்தம் 24 இருப்பதால் அது மலடு. கிழங்கைப் பிரித்துப் பிரித்து மனிதன் நட்டதால்தான் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. தானாகக் காட்டில் எங்கும் முளைப்பதில்லை.

அந்தப் புல்லை நான் பிடுங்கி எறியவில்லை என்பதுதான் இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பூவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பூ இருப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். இலை இருப்பது ஏப்ரல், மே வரை. அந்த மாதங்களில் நல்ல வெயில் படும்படி வைத்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விட்டு, இலையில் கத்திரி படாமல் பார்த்துக்கொண்டால் கீழே குட்டிகள் பெருக்கும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டக் கூடாது, இலைதான் நீளும். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். தானாகக் காய்ந்து விழட்டும்.

இரண்டாம் ஆண்டு 11 பூ வந்தது.

எண்ணிச் சொல்கிறேன், 11. முதல் மொட்டைப் பார்த்தது ஒரு வியாழக்கிழமை மாலை. வெளிறிய ஊதா, மெழுகுவர்த்திச் சுடர்போல் இறுக மூடியிருந்தது. மறுநாள் விடிகாலையில் பறித்தேன். காஷ்மீரின் பாம்போர் வயல்களிலும் சரி, ஈரானின் கொராசானிலும் சரி, காலையில்தான் பறிக்கிறார்கள். வெயில் ஏறிப் பூ முழுக்க விரிந்துவிட்டால் இழை வாடும், மழை பட்டால் போயே போயிற்று. நிற்கிற பூவிலிருந்து இழையைப் பிடுங்க முயல வேண்டாம். பூவையே கிள்ளி எடுத்து உள்ளே கொண்டுவந்து, உட்கார்ந்து பிரியுங்கள். இதழ்களை விலக்கினால் நடுவில் மஞ்சள் தண்டு ஒன்று, அதன் உச்சியில் சிவப்பாக மூன்று கிளை. ஒவ்வொரு கிளையின் நுனியும் குட்டி ஊதுகுழல் மாதிரி விரிந்திருக்கும். மூன்றும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே நகத்தால் கிள்ளினால் மூன்றும் ஒன்றாகவே வரும். கட்டைவிரல் நகத்தில் ஏறிய ஆரஞ்சு நிறம் அன்று முழுவதும் போகவில்லை, நானும் கழுவ அவசரப்படவில்லை.

முகர்ந்து பார்த்தேன். பெரிதாக வாசனையே இல்லை. இங்கேயும் ஏமாந்துவிட்டோமோ என்று பயந்துவிட்டேன். பச்சை இழையில் அந்த மணம் இருக்காது என்பது அப்போது தெரியாது. கசப்பைத் தரும் பிக்ரோகுரோசின் என்ற பொருள் காயும்போது உடைந்துதான் சாஃப்ரனால் என்ற மணப்பொருள் உண்டாகிறது. நிறம் குரோசினுடைய வேலை. ஆகவே காய வைப்பது வெறும் பாதுகாப்புக்காக இல்லை, குங்குமப்பூ குங்குமப்பூ ஆவதே அப்போதுதான்.

காய வைத்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். பதினொரு பூவின் இழைகளையும் வெள்ளைத் தாளில் பரப்பி, நிழலில் இருக்கட்டும் என்று அலமாரி மேல் வைத்தேன். மூன்றாம் நாள் மாலை என் மனைவி அறைக்குள் வந்து மின்விசிறியைப் போட்டார். காய்ந்த இழைக்கு எடை என்று ஒன்று கிடையாது. அரை மணி நேரம் இருவரும் தரையில் தவழ்ந்து தேடியதில் எட்டு கிடைத்தது. ஒன்று மாதக்கணக்கில் கழித்து நாட்காட்டிக்குப் பின்னாலிருந்து விழுந்தது. இப்போதெல்லாம் கண்ணி நெருக்கமான வலைச் சல்லடை இரண்டுக்கு நடுவே வைத்து, 50 டிகிரி சூட்டில் உலர்த்தும் பெட்டியில் காய வைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கொரு தரம் பார்ப்பேன். வளைத்தால் முறிய வேண்டும், அதுதான் பதம். அப்புறம் காற்றுப் புகாத சிறு புட்டியில் இருட்டில் ஒரு மாதம். திறக்கும்போது வாசனை உங்களுக்கே சொல்லும்.

எடையும் பார்ப்பேன். அதற்காகவே 0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று வாங்கினேன். எதிர்வீட்டுக்காரர் ‘ஒரு அஞ்சு நிமிஷம்’ என்று அதை இரவல் வாங்கிப் போனார். தராசின் மேலேயே 100 கிராமுக்கு மேல் வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. மனிதர் அதில் இரண்டு கிலோ பார்சலை வைத்து எடை பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது அது எதை வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டியது. ‘முதல்லேயே அப்படித்தான் இருந்துச்சு’ என்று ஒரு விளக்கம் வேறு. ஏணி, துளை போடும் இயந்திரம், குடை, இவரிடம் போய் முழுதாகத் திரும்பிய பொருள் ஒன்றுகூட இல்லை. கேட்டால் நாம்தான் அற்பமானவர் ஆகிவிடுவோம். இதற்கும் குங்குமப்பூவுக்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

பெரிய நஷ்டம் அதற்கடுத்த கோடையில் வந்தது. இலைகள் காய்ந்து, தொட்டிகள் வெறும் மண்ணாக நின்றன. கிழங்கு உள்ளே தூங்குகிறது. அந்த நேரத்தில் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். சூடு வேண்டும், 23லிருந்து 27 டிகிரி. அந்தச் சூட்டில்தான் கிழங்குக்குள்ளே அடுத்த பூவின் மொட்டு உருவாகிறது. பிறகு 17 டிகிரி வாக்கில் குளிர்ந்தால் அது வெளியே வரும். நாங்கள் பத்து நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால், வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் பெருமையாகச் சொன்னார்: “என்ன மாப்பிள்ளை, தொட்டிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லாமலே போயிட்டீங்க? மண்ணு பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. தெனமும் ரெண்டு சொம்பு ஊத்துனேன்.”

நல்லவேளை, அவர் கைக்கு எட்டியது இரண்டு தொட்டிதான். தோண்டினேன். மேல் நார் நன்றாகத்தான் இருந்தது. அழுத்தியதும் விரல் உள்ளே போயிற்று, புளித்த வாடை. அழுகல் பூஞ்சை ஒரு கிழங்கில் புகுந்தால் பக்கத்தில் இருப்பதையும் விடாது. அந்த இரண்டு தொட்டி மண்ணையும் கொட்டிவிட்டேன். மாமாவிடம் “பரவாயில்ல மாமா” என்றேன். வேறென்ன சொல்வது?

மூன்றாம் ஆண்டு மீதித் தொட்டிகளில் வந்தது ஒன்பதே பூ. அதற்கடுத்த கோடையில் ஒவ்வொன்றும் பத்து கிராமுக்குக் குறையாமல், எடையைக் கேட்டு வாங்கிய 15 கிழங்கைச் சேர்த்தேன். நான்காம் ஆண்டு 34 பூ. புதுத் தராசில் காய்ந்த எடை 0.22 கிராம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ‘இதற்குக் கடையிலேயே வாங்கிவிடலாமே’ என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: ஆமாம், வாங்கலாம். கேள்வி அதுவல்ல.

உங்கள் இடம் ஆண்டு முழுவதும் வெக்கையாக இருந்தால் நேர்மையாகச் சொல்கிறேன், வாங்கிய கிழங்கைக் குளிர்ந்த அறையில் வைத்து ஒரு முறை பூக்க வைக்கலாம். இலை வளரும் மாதங்களிலும் குளிர்ச்சி கிடைக்காவிட்டால் குட்டிகள் சிறுத்துக்கொண்டே போகும், இரண்டு மூன்று ஆண்டில் கதை முடிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் சரி.

மறக்கக் கூடாத ஒன்று. இதேபோல் ஊதா நிறத்தில், இதே இலையுதிர்காலத்தில் பூக்கும் கொல்சிகம் என்ற செடி உண்டு. கடும் விஷம். நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே கொல்சிசின்தான் அதிலும். பூவுக்குள் மஞ்சள் மகரந்தத் தாள்களை எண்ணுங்கள்: குங்குமப்பூவில் மூன்று, கொல்சிகத்தில் ஆறு. கிழங்கை யார் கொடுத்தாலும், முதல் பூ வந்ததும் எண்ணிப் பார்க்காமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம். இங்கே மட்டும் நான் விளையாட்டாகப் பேசவில்லை.

குட்டிகள் தாய்க்கு மேலேயே உண்டாவதால் ஆண்டுக்கு ஆண்டு கிழங்கு மண்ணின் மேல்மட்டத்துக்கு ஏறி வரும், நெரிசலும் கூடும். அதனால் மூன்று நாலு ஆண்டுக்கொரு முறை தோண்டிப் பிரித்து மறுபடி ஆழமாக நட வேண்டும். எனக்கு அது இந்தக் கோடையில். சிறிது பெரிது எல்லாம் சேர்ந்து 60 தேறும் என்று நினைக்கிறேன், அதில் பாதியாவது எட்டு கிராமைத் தாண்டும். மாமாவுக்குத் தனியாக நாலு ரோஜாத் தொட்டி வாங்கி வாசல் பக்கம் வைத்திருக்கிறேன். தினமும் ரெண்டு சொம்பு ஊற்றுகிறார்.