ஃபிராங்கலை விடச் சிறந்த பந்தயக் குதிரை உண்டா?

"தடை தாண்டாத சமதள ஓட்டத்தில், கடந்த அறுபது ஆண்டுகளில் தலைசிறந்த குதிரை எது? ஃபிராங்கல் என்று சொல்லி முடித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடித்துவிடலாம்தான். 14 ஓட்டம், 14 வெற்றி. பந்தயக் குதிரைகளை மதிப்பிடும் பிரிட்டிஷ் நிறுவனமான டைம்ஃபார்ம் கொடுத்த 147 என்ற மதிப்பெண்ணை வேறு எந்தச் சமதளக் குதிரையும் எட்டவில்லை. 1965-இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தையும் பாரிஸின் ஆர்க் பந்தயத்தையும் வென்ற சீ பேர்டுக்கே 145தான். 2012-இல் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்கட் பந்தய விழாவில் ஃபிராங்கல் 11 நீள (ஒரு நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்தது. அன்று இரண்டாவதாக வந்த எக்செலிப்ரேஷன் சாதாரணக் குதிரை இல்லை. ஃபிராங்கல் இல்லாத நாள்களில் பெரிய பந்தயங்களை அதுவே வென்றது.

ஆனாலும் என் மனம் 1970-களின் தொடக்கத்தில் ஓடிய பிரிகேடியர் ஜெரார்டு என்ற குதிரை பக்கம்தான் போகும். 18 ஓட்டத்தில் 17 வெற்றி, எல்லாவற்றிலும் ஜோ மெர்சரே ஜாக்கி. பெரிய வம்சமும் இல்லை. தாய்க்குதிரை ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை.

1971-இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் நடந்த '2000 கினீஸ்' பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மைல் ஓட்டம். எல்லார் கண்ணும் மில் ரீஃப், மை ஸ்வாலோ என்ற இரண்டு குதிரைகள் மேல்தான் இருந்தது. இரண்டையும் தாண்டிப் போய் மூன்று நீளத்தில் ஜெயித்தது பிரிகேடியர். இதன் கனம் அப்புறம்தான் தெரிந்தது. மில் ரீஃப் அதே ஆண்டில் டெர்பி, எக்லிப்ஸ், கிங் ஜார்ஜ், ஆர்க் என்ற நான்கு பெரிய பந்தயங்களையும் வென்றது. அந்த கினீஸுக்குப் பிறகு ஓய்வு பெறும்வரை தோற்கவே இல்லை. ஃபிராங்கல் வீழ்த்திய எதிரிகளில் இந்த உயரத்தில் எதையும் நான் வைக்க மாட்டேன்.

இன்னொன்று, தூரம். ஃபிராங்கல் பத்தரை ஃபர்லாங்குக்கு (ஒரு ஃபர்லாங் ஏறக்குறைய 200 மீட்டர்) மேல் ஓடியதே இல்லை. பிரிகேடியர் 5 ஃபர்லாங்கில் தொடங்கி, 1972 கிங் ஜார்ஜில் 12 ஃபர்லாங் வரை வென்றது. ஏறக்குறைய 1000 மீட்டரிலிருந்து 2400 மீட்டர். மனிதர்களில் 400 மீட்டர் ஓடுபவர் 1500 மீட்டரிலும் தங்கம் வாங்குவது எவ்வளவு அரிது, யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்த ஒரு தோல்வி? 1972 ஆகஸ்ட்டில் யார்க்கில், அந்த ஆண்டின் டெர்பி வெற்றியாளர் ராபர்ட்டோவிடம். அன்று தோற்ற பிரிகேடியரும் பழைய தடச் சாதனையை முறியடித்துத்தான் வந்தது. தொடர்ந்து 15 வெற்றி கண்ட குதிரை அந்த அடியோடு ஒதுங்கிவிடவில்லை. இன்னும் இரண்டு பெரிய பந்தயங்களை வென்ற பிறகுதான் விடைபெற்றது. எனக்கு அதன் மேல் மதிப்பு கூடியது இதனால்தான்.

மில் ரீஃபும் பிரிகேடியரும் மறுபடி மோதவே இல்லை. அந்த ஆகஸ்ட்டிலேயே பயிற்சியின்போது மில் ரீஃபின் முன்னங்கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தாலும் மறுபடி பந்தயத்துக்கு வரவில்லை. 12 ஃபர்லாங்கில் மோதியிருந்தால் மில் ரீஃப்தான் ஜெயித்திருக்கும் என்பேன். பத்து ஃபர்லாங் என்றால் பிரிகேடியர்.