அழகில்லாத ஊரா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநில அழகிப் பட்டம் வென்ற பெண், கிராமப்புற மருத்துவத்துக்காகவும் இதய நலத்துக்காகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறாராம். 'அழகில்லாத பெண்கள்' என்று பெயர் வாங்கிய நம் வேலூரில் இப்படி ஒருவர் கிளம்புவாரா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: அந்தப் பெண் செய்வது நல்ல காரியம். பட்டம் வாங்கியவர் பேசினால் நாலு பேர் காது கொடுப்பார்கள். அந்தக் காதில் இதயத்தைப் பற்றிப் போடுகிறார், நன்றாக இருக்கட்டும். 1966-ல் உலக அழகியான ரீட்டா ஃபரியாவும் மும்பையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர்தான். பட்டத்துக்குப் பிறகு படிப்பை முடித்து டாக்டரானார்.

ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதினீர்களே, அதை நான் விடமாட்டேன். சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அழகில்லாத பெண்கள். இந்தச் சொலவடையோடு எனக்குப் பல வருடச் சண்டை. ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை ஊரே பார்த்தது. ராஜா இல்லாததில் யாருக்கும் நஷ்டமில்லை. பெண்களைப் பற்றிய பொய்யை மட்டும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். சாலையோர மரத்தடிகளில் கிராமத்து நோயாளிகளைப் பார்த்தார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். கிராமத்து மருத்துவத்துக்குப் பெண் கிளம்புவாரா என்று இந்த ஊரைப் பார்த்தா கேட்கிறீர்கள்?

இன்றும் கிளம்புகிறார்கள். 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துப் பெண் ஒருவரை அணைக்கட்டுப் பக்கம் ஒரு திண்ணையில் பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்க்கப் பாட்டியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். "கை இறுகுதேம்மா" என்றார் பாட்டி. "இரு ஆயா, ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அளவை நோட்டில் குறித்தார். அப்புறம் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினார். பாதி அப்படியே இருந்தது. "தலை சுத்தினாதான் போடுவேன்" என்றார் பாட்டி. தினமும் ஏன் போட வேண்டும் என்று அந்தப் பெண் பத்து நிமிடம் உட்கார்ந்து சொன்னார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவர் இன்னும் எத்தனையோ வீடு போக வேண்டும். எனக்கு அவர்தான் அழகி.

நம் வீட்டுப் பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. தாடையில் வலி, முதுகில் வலி, மூச்சு வாங்கல், குமட்டல், குளிர்ந்த வியர்வை என்று வரும். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாக 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே போய்ச் சேரத்தான் பாதை வேண்டும். அதே 2023 மே மாதம் நம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்தாள், ரோடு இல்லாததால். அந்தச் செய்தி வந்த நாளில் என்னால் சாப்பிட முடியவில்லை.

சரி, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்து எத்தனை நாள் ஆகிறது? பார்த்துவிட்டு அடுத்த கடிதத்தில் அந்த அளவை எழுதுங்கள்.