கம்ப்யூட்டர் இல்லாமல் கண்ட பகா எண்

கேள்வி: 2147483647 பகா எண் என்பதைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: அருமையான கேள்வி அம்மா. 2-ஐ 31 முறை பெருக்கி 1 கழித்தால் வருவது இந்த எண். இது பகா எண்தான் என்று 1772-இல் காட்டியவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

வர்க்கமூலமான 46340 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே நாலாயிரத்துக்கும் மேல்! இதற்கு வகுஎண் இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63தான் மீதி வரும் என்று ஆய்லர் நிறுவினார். அதோடு வேலை நூறு வகுத்தலுக்குள் அடங்கிவிட்டது.

கோத்தகிரியில் மழைக்குக் கரண்ட் போகும் மாலைகளில் என் டியூஷன் பிள்ளைகளை மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதைப் போடச் சொல்வேன். 248-ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மீதி வரும் பகா எண்களில் முதலாவது 311; அதனால் நம் பெரிய எண்ணை வகுத்தால் மீதி 35. அடுத்தது நேரே 1303! இடையிலுள்ள பகா எண் எதுவும் தேவையில்லை. மீதி 226. நீயும் போட்டுப் பார். அதற்கடுத்த எண் எது என்று கண்டுபிடித்து எழுது.