கேம் கடை கவுன்ட்டர்ல பார்த்த மனுஷங்க: வாசகர் கேள்வி பதில்

கும்பகோணத்துல ஒரு வீடியோ கேம் கடையில ரொம்ப நாள் கவுன்ட்டர் பார்த்தவன் நான். முன்னாடி விற்பனை, பின்னாடி ரூம்ல டிவிங்களை வச்சு மணிக்கு 20 ரூபாய்னு விளையாட விடுவோம். அந்த கடையைப் பத்தி வாசகர்கள் கேட்டதுல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன்.

மறக்கவே முடியாத கஸ்டமர்னா யாரைச் சொல்வீங்க? (வாசகி, பாபநாசம்)

வலங்கைமான் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு அப்பாயி, யோசிக்காம சொல்லுவேன். மஞ்சப்பைக்குள்ள பழைய புடவைத் துணி சுத்தி ஒரு பிஎஸ் டூவை கொண்டாந்தாங்க, அதாவது பிளேஸ்டேஷன் 2, டிவில மாட்டி விளையாடுற கேம் பெட்டி, அதுல பழைய பெரிய மாடல். அமெரிக்காவுல இருக்கிற மகன் கொடுத்தனுப்பினது, பேரன் லீவுக்கு வர்றான், வர்றதுக்குள்ள டிவில மாட்டி ரெடியா வச்சிடணும்னு பக்கத்து வீட்டுப் பையனை விட்டு சொருகச் சொல்லியிருக்காங்க, சுவிட்ச் போட்டதும் டப்புனு சத்தம், கருகின நாத்தம், அவ்ளோதான். "உசிரு இருக்கான்னு பாருப்பா"ன்னு கவுன்ட்டர் மேல வச்சாங்க.

அமெரிக்காவுல கரன்ட் 120 வோல்ட், நம்ம ஊர்ல 230. அந்த மாடல்ல பவர் சப்ளை பெட்டிக்குள்ளயே இருக்கும், அந்த நாட்டுக்கு செஞ்சது அந்த வோல்ட்டை மட்டும்தான் தாங்கும், நடுவுல வோல்ட்டைக் குறைக்கிற ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நல்லவேளை மெயின் போர்டு தப்பிச்சிருந்துச்சு. எங்க மெக்கானிக் அண்ணன் செத்துப்போன நம்மூர் செட் ஒண்ணுலேர்ந்து பவர் போர்டை கழட்டி இதுல மாட்டினார், ஆன் ஆச்சு. ஆனா இங்க நாங்க விக்கிற டிஸ்க் அதுல ஓடாது, ரீஜன் வேற, அமெரிக்கா பெட்டில அங்க விக்கிற டிஸ்க்தான் ஓடும், அதனால மகன்கிட்ட சொல்லி அங்கேர்ந்தே டிஸ்க் எடுத்துட்டு வரச் சொல்லுங்கன்னேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுக்கிட்டு கடைசியா அவங்க கேட்டது ஒண்ணுதான், எந்த ஒயரு எதுல?

மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்குன்னு சொன்னேன். ஆனா அவங்க வீட்டு டிவி பின்னாடி மூணு ஓட்டையும் ஒரே கறுப்பாம், எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சாம். எது எதுன்னு ஒரு பேப்பர்ல படம் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் ரெண்டாவது ஜாய்ஸ்டிக் கேட்டிருந்தாங்கன்னு அதைக் கொடுக்க வீட்டுக்கே போனேன், டிவி பின்னாடி எட்டிப் பார்த்தா ஒவ்வொரு ஓட்டைக்கு மேலயும் வரிசையா ஒரு பொட்டு, ஒண்ணு மஞ்சள், ஒண்ணு விபூதி, ஒண்ணு குங்குமம். மூணு ஒயரும் சரியா அதது இடத்துல இருந்துச்சு. எத்தனையோ இன்ஜினியரிங் படிச்ச பசங்க ஒயரை மாத்திச் சொருகிட்டு படம் வரலைன்னு போன் பண்ணுவாங்க, அந்தம்மா ஒரு தடவை கூட பண்ணல.

பொண்ணுங்க வருவாங்களா? (கல்லூரி மாணவி, திருவையாறு)

வருவாங்க. ஆனா பின்னாடி ரூமுக்கு அனுப்ப அம்மாக்களுக்கு பயம், அது நியாயமும் கூட. எங்க ஓனர் ஒரு டிவியை ரோட்டுப் பக்கம் கண்ணாடிக் கதவுக்கிட்ட தூக்கி வச்சார், சனிக்கிழமை காலைல டியூஷன் முடிச்சு வர்ற அக்கா தங்கச்சிங்களுக்கு அதுதான். எல்லா கடையும் இதைச் செஞ்சிருக்கணும்.

எந்த சீசன்ல வியாபாரம் நல்லா இருக்கும்? (வாசகர், நீடாமங்கலம்)

தீபாவளி. ஆனா அது ஜூன்லயே தெரிஞ்சிடும். ஜூன் 12 மேட்டூர் திறந்தா குறுவை, குறுவை அறுத்தா கையில காசு, அடுத்து தீபாவளி. 2012ல தண்ணி செப்டம்பர்லதான் வந்துச்சு, குறுவை போச்சு, அந்த வருஷம் எங்க கண்ணாடி அலமாரில வச்சது வச்சபடி இருந்துச்சு.

காசில்லாம வந்து வேடிக்கை பாக்கிற பசங்களை விரட்டுவீங்களா? நான் அப்படி நின்ன பையன். (வாசகர், மன்னார்குடி)

எங்க கடைல விரட்டினதில்ல தம்பி. அப்படி சுவரோரமா நின்னே ஆரம்பிச்ச ஒரு பையனைப் பத்தி சொல்றேன். வீட்ல கேம் எதுவும் கிடையாது, ஆனா விளையாடின வரைக்கும் சேவ் பண்ணி வைக்கிற 8 எம்பி மெமரி கார்டு ஒண்ணு மட்டும் சொந்தமா வாங்கியிருந்தான், அதை ஜாமெட்ரி பாக்ஸ்ல காம்பஸுக்கு பக்கத்துல பஞ்சு வச்சு எடுத்துட்டு வருவான். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம், காட் ஆஃப் வார்ங்கிற கேம், விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்து விளையாடி சேவ் பண்ணிட்டு கார்டை உருவிட்டுப் போயிடுவான். அவனுக்கு அந்த கார்டுதான் வீடியோ கேம், பெட்டி யாரோடதா இருந்தா என்ன.

அதே 2012, கரன்ட் எப்ப போகும் எப்ப வரும்னே தெரியாது, யுபிஎஸ் பேட்டரிக்கு சார்ஜ் ஏறவே நேரம் கிடைக்காது. சேவ் ஆகிட்டிருக்கும்போது கார்டை எடுக்காதீங்க, ஆஃப் பண்ணாதீங்கன்னு ஸ்கிரீன்ல வரும், ஆனா லைன்ல கரன்ட்டை நிறுத்தறவங்களுக்கு அது தெரியுமா, கரெக்டா அந்த நேரத்துல போயிடுச்சு. திரும்ப கரன்ட் வந்து பார்த்தா அவன் சேவ் கெட்டுப் போச்சு. பையன் அழல, ஜாமெட்ரி பாக்ஸை மூடினான், எந்திரிச்சான். இருடான்னு உட்கார வச்சேன். பிஎஸ் டூல ரெண்டு கார்டு ஸ்லாட் இருக்கு, மெனுவுல போய் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு காப்பி பண்ணலாம், மணிக்கு காசு கொடுத்து விளையாட வர்ற பசங்க எல்லாரோட சேவ் ஃபைலையும் நான் கடைக்கார்டுல போட்டு வைக்கிறது வழக்கம். போன வாரம் வரைக்கும் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன், ஒரு வாரம்தான் நஷ்டம், அதையும் அன்னிக்கே காசு வாங்காம விளையாடி முடிக்கச் சொல்லிட்டார் ஓனர்.

செகண்ட் ஹேண்ட் கன்ட்ரோலர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்? (வாசகர், காரைக்கால்)

ரெண்டு அனலாக் குச்சியையும் சுத்தி விட்டுட்டு கையை எடுங்க, தானா நடுவுக்கு வரணும், கேம்ல ஆள் தானா நடக்கக் கூடாது. பட்டனெல்லாம் அழுத்தினா திரும்ப மேல வரணும். கடைசியா வைப்ரேஷன், இதை யாரும் பார்க்கிறதில்ல, எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது காது கேக்காத அண்ணன் தம்பி ரெண்டு பேர். வாராவாரம் வந்து டெக்கன்ங்கிற சண்டை கேம் விளையாடுவாங்க, ஒரு நாள் பெரியவன் கன்ட்ரோலரை என் கையில கொடுத்து, என் கை மேல அவன் கையை வச்சு, அடி விழும்போது அதிரலைன்னு காமிச்சான். திறந்து பார்த்தா உள்ள ஒரு மோட்டாரோட ஒயர் அறுந்திருந்துச்சு. நாங்க காதால கேக்கிறதை அவங்க உள்ளங்கையால வாங்கிக்கிறாங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அதுக்கப்புறம் கடைக்கு வர்ற ஒவ்வொரு கன்ட்ரோலரும் அவங்க ரெண்டு பேர் கைக்கு போய்த்தான் அலமாரிக்கு வரும், அவங்க தலையாட்டலைன்னா விக்க மாட்டோம்.

கஜா புயலுக்கு அப்புறம் பிஎஸ் ஃபோரை வித்தவன் நான். அப்படி வந்தவங்க ஞாபகம் இருக்காங்களா? (வாசகர், பட்டுக்கோட்டை)

இருக்காங்க. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிகாலைல அடிச்ச காத்துல உங்க பக்கம் தென்னை மொத்தமும் சாஞ்சுதே, அதுக்கப்புறம் பேராவூரணி பக்கத்துலேர்ந்து ஒரு அப்பாவும் பையனும் வந்தாங்க. செட்டைத் துடைச்சு, ஒயரையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு சுருட்டி, அட்டைப்பெட்டி பில்லு எல்லாம் பத்திரமா கொண்டாந்திருந்தான். நாங்க பேசினது ரெண்டே வார்த்தை, ஓனர் வழக்கமா கொடுக்கிறதை விட கூடத்தான் கொடுத்தார். பையன் மட்டும் ஒரு நிமிஷம்ணேன்னு பென் டிரைவை சொருகி அவனோட சேவெல்லாம் காப்பி எடுத்துக்கிட்டான், அப்புறம் அக்கவுன்ட்டை எடுத்துட்டு உள்ள இருக்கிறதெல்லாம் அழியற மாதிரி அவனே இனிஷியலைஸ் கொடுத்தான். எதுக்குடா இப்ப சேவுன்னு அப்பா கேட்டார், திரும்ப வாங்குவோம்லப்பான்னான். அவர் என்னைப் பார்த்து, "வைக்கப்போற கன்னு காய்க்க அஞ்சாறு வருஷமாவது ஆகும் தம்பி"ன்னார். செட் சீக்கிரமே வித்துடுச்சு. நீங்க திரும்ப வாங்கிட்டீங்களா? எழுதுங்க.

8 வயசுப் பையன் ஜிடிஏ கேட்டு அடம் பிடிக்கிறான், வாங்கித் தரலாமா? (ஒரு அப்பா, மயிலாடுதுறை)

தராதீங்க. அட்டையிலேயே 18னு போட்டிருக்கும், அது லெவல் நம்பர் இல்ல, வயசு. கவுன்ட்டர்ல நான் இதைச் சொன்னா பாதிப் பேர் கேம்தானேப்பான்னு வாங்கிட்டுப் போயிடுவாங்க. ஒருத்தர் மட்டும் வேற மாதிரி. நெல் கொள்முதல் நிலையத்துல வேலை, சட்டையெல்லாம் சுணையோட நேரா அங்கேர்ந்து வந்திருந்தார். 18ன்னதும், அப்படி என்ன இருக்கு, நான் பார்க்கிறேன்னு 20 ரூபாயைக் கொடுத்து உள்ள போய் உட்கார்ந்துட்டார். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் போட்டுக் கொடுத்தேன். ரோட்ல போறவனை அடிச்சு கார் பிடுங்கறது, போலீஸை சுடறது எல்லாத்தையும் பார்த்தார், மணி முடிஞ்சு வெளில வந்து, வேற என்ன இருக்கு காமின்னார். கிரிக்கெட் 07 போட்டு ரெண்டு ஓவர் அவரையே ஆட விட்டேன், அதை வாங்கிட்டுப் போனார். நீங்களும் அப்படியே செய்யுங்க, பையனைக் கூட்டிட்டு வராம தனியா ஒரு தடவை கடைக்குப் போங்க, கேமைப் போட்டுக் காட்டச் சொல்லி ஒரு மணி நேரம் நீங்களே விளையாடிப் பாருங்க. காட்ட மாட்டேன்னு சொல்ற கடைல எதுவும் வாங்காதீங்க.