நிலக்கரியை ஏன் மாவாக அரைக்க வேண்டும்? கட்டியாகவே எரித்தால் என்ன?

கேட்டவர் கிருஷ்ணகிரி டிப்ளமோ மாணவர் என்று பார்த்தேன். நான் பென்னாகரம். அனல்மின் நிலையம் ஒன்றில் கரி மில் பராமரிப்பில் பல வருடம் ஒப்பந்த வேலை பார்த்தவன்.

கட்டிக்கரியும் எரியும், ஆனால் ஆற அமர எரியும். கொல்லுலைக்கு அது போதும். மேட்டூரில் இருப்பது போன்ற 210 மெகாவாட் யூனிட்டில், கொதிகலனுக்குள் போன கரி ஓரிரு நொடியில் எரிந்து முடிய வேண்டும். அதற்காகத்தான் மாவு. 75 மைக்ரான் சல்லடையில் 70 சதவீதமாவது சலிந்து விழ வேண்டும். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கும்.

வீட்டு டேபிள்டாப் கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் சுற்றும், கல் இருந்த இடத்திலேயே உருளும். கரி அரைக்கும் பவுல் மில்லும் அப்படித்தான்; பாத்திரம் போன்ற பவுல் சுற்றும், கல்லுக்குப் பதில் ரோலர். நடுவில் விழும் கரி, சுற்றும் வேகத்தில் ஓரத்துக்கு ஓடி ரோலருக்கு அடியில் மாட்டி நொறுங்கும். ஸ்பிரிங் அழுத்தினாலும் ரோலர் பவுலைத் தொடாது; சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டே செட் செய்வோம்.

அரைப்பது பாதி வேலைதான். மீதி காற்றின் வேலை. அடியிலிருந்து வரும் சூடான காற்று ஈரத்தை உலர்த்தி, மாவைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். மேலே இருக்கும் கிளாசிஃபையர், கப்பியைத் திரும்பப் பவுலுக்கே தள்ளிவிட்டு நைஸ் மாவை மட்டும் குழாய்க்குள் விடும். கரியோடு வரும் கல்லும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமும் கனம், காற்றுக்கு அசையாது. கீழே விழும் அதுதான் ரிஜெக்ட். வெயில் காலத்தில் அதை அள்ளியவனுக்குத்தான் தெரியும் அந்த வேலை.

ராகி அரைத்து வந்ததும் அம்மா சூடு ஆறும்வரை மாவைப் பரப்பி வைப்பார். கரி மாவில் சூடு ஏறினால் தீ. அதனால் மில்லை விட்டு வெளியேறும் காற்றை 70, 80 டிகிரிக்குள் பிடித்து வைப்பார்கள். மழையில் நனைந்த கரி, மில்லுக்குக் கரி ஊட்டும் ஃபீடரில் அடைத்துக்கொண்டால் கரி நின்றுவிடும், சூடுகாற்று நிற்காது. அப்படி ஒரு ராத்திரி மில்லின் வெளிப் பெயிண்ட் பொரிவதைப் பார்த்துத்தான் உள்ளே தீ என்றே தெரிந்தது. சூடுகாற்று கேட்டை மூடி, நீராவி விட்டு அணைத்தோம்.

சிமெண்ட் சூளைக்கும் இதே மாவுதான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதி தண்ணீர் என்பதால் அங்கே மில்லே வேறு. உலைக்குள்ளிருந்தே சூடான வாயுவை உறிஞ்சிக் கரியைக் காயவைக்கும்.

ஓசூர் பக்கம் வேலை தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே இரும்பு வார்ப்படப் பட்டறைக்குப் போனால் அச்சு மணலில் கரித்தூள் கலப்பதைக் கவனியுங்கள். உருகிய இரும்பு பட்டதும் தூள் வாயுவாகி நடுவில் நிற்கும், மணல் வார்ப்பில் ஒட்டாது.